ஆற்றோரத்து 28 ஹெக்டேர்

அமைதிப் பள்ளத்தாக்கு விவகாரத்தை நினைத்துப் பார்க்கிற பலருக்கு முதலில் ஞாபகம் வருவது குரங்கு. ‘குரங்கு பெரிதா, மனுஷன் பெரிதா?’ என்பதுதான் எழுபதுகளின் கடைசியில் அந்த வாதத்தின் பாமரச் சுருக்கம். எனக்கு அதைவிட அழுத்தமாக நினைவில் தங்கியிருப்பது ஒரு விழுக்காடு. அங்கே ஓடும் குந்திப்புழா ஆற்றின் குறுக்கே 120 மெகாவாட் மின்சாரத்துக்காக அணை கட்ட நினைத்த கேரள மின் வாரியத்தின் தரப்பு, தண்ணீரில் மூழ்கப்போவது அந்தக் காட்டில் நூற்றில் பத்துப் பங்குகூட வராது என்றது. கணக்கு தப்பில்லை. மூழ்க இருந்தது சுமார் 830 ஹெக்டேர். பின்னாளில் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட பரப்பு 89.52 சதுர கிலோமீட்டர். வகுத்துப் பார்த்தால் 9 விழுக்காட்டுக்குச் சற்று மேலே வரும். மிச்சம் தொண்ணூறு பங்கு அப்படியே இருக்கப்போகிறது, இதற்கு ஏன் இத்தனை கூச்சல் என்று கேட்டவர்கள் எல்லோரும் கெட்ட எண்ணத்தில் கேட்டவர்கள் அல்லர். கூட்டல் கழித்தல் தெரிந்த எவருக்கும் தோன்றக்கூடிய கேள்விதான் அது. ஆனால் காட்டின் இழப்பைப் பரப்பளவால் அளக்கத் தொடங்கிய அந்தக் கணத்திலேயே விடையும் தீர்மானமாகிவிடுகிறது என்பது என் எண்ணம். அதற்குப் பிறகு வந்த எத்தனையோ திட்டங்களின் அறிக்கைகளில் அதே வகுத்தலைப் பார்த்த பின்பு அந்த எண்ணம் வலுத்திருக்கிறது.

அந்தப் பத்துப் பங்கு எங்கே இருந்தது என்பதைப் பார்க்க வேண்டும். நாலாபுறமும் செங்குத்தான மலைச்சரிவு, நடுவே வடக்கிலிருந்து தெற்காக ஓடும் ஆறு, அதன் இரு கரையிலும் தாழ்வான தரை. அணைநீர் நிரம்புவது அந்தத் தாழ்வான தரையில்தான். உச்சிப் புல்வெளியில் அல்ல. மழைக்காட்டு மரங்கள் நெருங்கி வளர்ந்து கிளையோடு கிளை பின்னிக் கிடப்பதும் அங்கேதான். சோலைமந்தி என்கிற சிங்கவால் குரங்குக்குத் தரையில் இறங்கி நடக்க அவ்வளவாகப் பிடிக்காது. உச்சிக் கிளைகளே அதன் சாலை. அமெரிக்க ஆய்வாளர்கள் ஸ்டீவன் கிரீனும் கேரன் மின்கோவ்ஸ்கியும் எழுபதுகளின் தொடக்கத்தில் நம் திருநெல்வேலிப் பக்கத்து மலைகளில் அதைப் பின்தொடர்ந்து ஆராய்ந்தார்கள். ஒரு கூட்டத்துக்கே ஏறத்தாழ 5 சதுர கிலோமீட்டர் காடு வேண்டும் என்பது அவர்கள் கண்டது. களக்காடு 1976இல் சரணாலயமானதும் இந்தக் குரங்கை முன்னிட்டுத்தான். வெடிப்பலா மரம் அதற்குப் பெரிய ஆதாரம். வேறு பழம் கிடைக்காத மாதங்களில் அதன் பூவும் காயுமே வயிற்றை நிரப்புகின்றன. இப்போது அந்தத் தொண்ணூறு பங்கைத் திரும்பப் பாருங்கள். நடுவில் ஓர் ஏரி வந்துவிட்டால் கிழக்குச் சரிவின் கூட்டமும் மேற்குச் சரிவின் கூட்டமும் ஒன்றையொன்று சந்திக்க வழியில்லை. பரப்பு அப்படியே இருக்கும், காடு இரண்டாகியிருக்கும். வீட்டுக்கு நடுவே இருக்கும் சமையலறையை மட்டும் இடித்துவிட்டு, மற்ற அறைகள் முழுசாக இருக்கின்றனவே என்று கேட்பது போன்ற கணக்கு அது.

1976இல் மத்திய அரசு அமைத்த பணிக்குழு, சபர் பதேஹல்லியின் தலைமையில், திட்டத்தைக் கைவிடுவதே நல்லது என்று சொன்னது. அத்தோடு நின்றிருக்கலாம். முடியாத பட்சத்தில் கடைப்பிடிக்க வேண்டியவை என்று 17 பாதுகாப்பு நிபந்தனைகளையும் சேர்த்து எழுதியது. பரிந்துரை காற்றில் போயிற்று, பிற்சேர்க்கை மட்டும் தங்கிவிட்டது. பதினேழையும் நிறைவேற்றுகிறோம், அனுமதி தாருங்கள் என்பதே அதன்பின் கேரள அரசின் வாதம்; அதற்காகவே 1979இல் ஒரு பாதுகாப்புச் சட்டம்கூட இயற்றப்பட்டது. சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கைகளில் ‘தணிப்பு நடவடிக்கைகள்’ என்ற அத்தியாயத்தைக் காணும்போதெல்லாம் எனக்கு இந்தப் பதினேழு நினைவுக்கு வருகிறது. வேண்டாம் என்ற சொல்லை எப்படிச் செய்வது என்ற பட்டியலாக மாற்றித் தருவதில் அந்த அத்தியாயத்துக்கு ஒரு தனித் திறமை உண்டு. அதே 1979இல் கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் என்ற மக்கள் அறிவியல் அமைப்பு வெளியிட்ட சிறு புத்தகம் வேறு விதமாகக் கேட்டது: மலபாருக்கு மின்சாரம் வேண்டும், சரி, அதை இந்த ஆற்றிலிருந்துதான் எடுத்தாக வேண்டுமா? மின் கடத்தலில் வீணாவது எவ்வளவு, அனல் மின்சாரத்தால் முடியாதா, வேலைவாய்ப்பு எத்தனை பேருக்கு என்று பொருளாதாரத்தையும் பொறியியலையும் விலங்கியலையும் ஒரே மேசையில் வைத்துப் பார்த்தது. மதிப்பீட்டைச் சட்டம் கட்டாயமாக்கியது 1994 ஜனவரியில். அதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே, கல்லூரி ஆசிரியர்களும் பொறியாளர்களும் சேர்ந்து அதைச் செய்து காட்டியிருந்தார்கள். அறிவியலாளர் எம்.ஜி.கே. மேனன் தலைமையிலான குழு ஆராய்ந்து அறிக்கை தந்த பின் 1983இல் திட்டம் கைவிடப்பட்டது. 1984இல் தேசியப் பூங்கா அறிவிப்பு வந்தது.

இடத்தைப் பற்றிய கேள்வியை நாம் ஓரளவாவது கேட்கக் கற்றுக்கொண்டோம். காலத்தைப் பற்றிய கேள்வியை இன்னும் கற்கவில்லை. மதிப்பீட்டுக்கு வேண்டிய அடிப்படைத் தகவலை மழைக்காலம் நீங்கலாக ஒரு பருவத்தில் திரட்டினால் போதும் என்பது நம் நாட்டு நடைமுறை. அணைத் திட்டங்களுக்கு இப்போது கூடுதல் பருவங்கள் கேட்கிறார்கள். சாலைக்கும் சுரங்கத்துக்கும் கட்டடத்துக்கும் ஒரு பருவமே வழக்கம். காற்றில் எவ்வளவு தூசு என்று அளப்பவருக்கு இது பொருத்தமான விதி. மழை வந்தால் தூசு அடங்கிவிடும், அளவு பொய்யாகும். அதே விதியைத் தவளைக்கும் நீட்டியதில்தான் கோளாறு. மேற்குத் தொடர்ச்சி மலையில் மழை நீங்கலாகத் தவளையைத் தேடுவது, திருவிழா முடிந்து ஒரு வாரம் கழித்துப் போய்த் தேரோட்டத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணுவதற்குச் சமம். ஊதாத் தவளை என்று ஒன்று உண்டு. ஆண்டு முழுவதும் மண்ணுக்கடியில் கிடந்து கறையான் தின்று வாழ்ந்து, கோடை மழை தொடங்கும் சில நாட்களில் மட்டும் இனப்பெருக்கத்துக்காக மேலே வருகிறது. ஆண்டுக்கொருமுறை வருவதால் கேரளத்தில் அதற்கு மாவேலி என்கிற மகாபலி மன்னனின் பெயரையே வைத்துவிட்டார்கள். அறிவியல் அதற்குப் பெயர் சூட்டியது 2003இல். ஆனால் அதன் தலைப்பிரட்டையைப் பற்றிய விவரிப்பு 1918லேயே அச்சில் வந்துவிட்டது. தாய் யாரென்று தெரிய எண்பத்தைந்து ஆண்டுகள் ஆயின. அதன் நெருங்கிய உறவான இன்னொரு தவளையை மலையின் கிழக்குச் சரிவில், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் கண்டு 2017இல் அறிவித்தார்கள். ஊர்வன ஆய்வாளர் பூபதியின் நினைவாக அதற்குப் பெயர். அது மழைநிழல் பக்கத்துத் தவளை என்பதால் அதன் நாட்காட்டி வடகிழக்குப் பருவமழையை ஒட்டியது. ஆக, ஒரே மலையின் இரு பக்கத்தில் இரு நாட்காட்டிகள். ஜனவரியிலிருந்து மார்ச் வரை கணக்கெடுத்தவரின் பட்டியலில் இரண்டுமே இருக்காது. அவர் பொய் எழுதவில்லை. காணவில்லை என்றுதான் எழுதியிருப்பார். அந்தச் சொல் மேசை மேசையாக நகரும்போது ‘இல்லை’ என்றாகிவிடுகிறது.

இடமும் காலமும் ஒன்றாக வந்து நிற்கும் வழக்கு அதிரப்பள்ளி. கேரளத்தின் சாலக்குடி ஆற்றில் 163 மெகாவாட் நீர்மின் திட்டம். அணை வெறும் 23 மீட்டர் உயரம். எடுத்துக்கொள்ள இருந்த வனநிலம் 138 ஹெக்டேர் சொச்சம். பெரிய அணைகளின் பக்கத்தில் வைத்தால் விளையாட்டுச் சாமான் போலத் தெரியும் எண்கள். அதில் ஆற்றோரக் காடாக மூழ்க இருந்தது 28.4 ஹெக்டேர்தான். வாழச்சாலில் ஆற்றை ஒட்டிப் பட்டையாக ஓடும் அந்தக் காடு, மேற்குத் தொடர்ச்சி மலையில் தாழ்ந்த உயரத்தில் எஞ்சியிருக்கும் ஆற்றோரக் காடுகளில் அருமையான ஒன்று. மற்ற இடங்களில் அவை எப்போதோ வயலாகவும் தோப்பாகவும் அணைக்கட்டாகவும் போய்விட்டன. அந்த 28 ஹெக்டேருக்கு ஈடாக மலை மேல் 280 ஹெக்டேர் கொடுத்தாலும் ஆற்றங்கரை ஆகாது. மேற்குத் தொடர்ச்சி மலையின் இருவாச்சி வகை நான்கும் வாழ்கிற இடம் அது. அவற்றில் கருப்பும் வெள்ளையுமான மலபார் இருவாச்சி தாழ்நிலத்து ஆற்றோர மரங்களையே பெரிதும் நம்பியிருக்கிறது. இருவாச்சி தானாகப் பொந்து குடைவதில்லை. கிளை முறிந்து, உள்ளே உளுத்துப் பல பத்தாண்டுகளில் தானாக உண்டான பெரிய பொந்துள்ள கிழட்டு மரம் வேண்டும். கோடைக்கு முந்தைய மாதங்களில் பெண்பறவை உள்ளே போய், வாயிலை அடைத்துக்கொண்டு, சிறு கீறல் மட்டும் விட்டு மூன்று நான்கு மாதம் அங்கேயே இருந்து முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும். ஆண்பறவை பழம் கொண்டுவந்து ஊட்டும். மழைக்கு முந்தைய அந்தப் பருவம்தான் கணக்கெடுப்பவர்களுக்கும் வசதியான பருவம். அவர்கள் தலைக்கு மேலே பறந்து போகும் பறவைகளை எண்ணிக்கொண்டு போகும்போது பாதிக் குடும்பங்கள் மரத்துக்குள் உட்கார்ந்திருக்கின்றன.

மரத்தைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். நம் சட்டம் மரத்தை இனத்தால் பாதுகாக்கிறது. சந்தனம், ஈட்டி என்று பெயர் சொல்லி. தமிழ்நாட்டில் ஈட்டி மரத்துக்கென்றே 1994இல் ஒரு சட்டம் வந்தது. விலை அதிகம், திருட்டு அதிகம் என்பதால் வந்த பாதுகாப்பு அது. அந்த அளவில் நியாயமானது. ஆனால் இருவாச்சி பார்ப்பது விலையை அல்ல, பொந்தை. பலகைக்கு உதவாத, தச்சன் திரும்பிப் பார்க்காத உளுத்த மரம்தான் அதற்கு வீடு. திட்ட அறிக்கையின் மரப் பட்டியலில் அது சுற்றளவு இவ்வளவு, நிலைமை மோசம் என்ற ஒரு வரி. வெட்டலாம் என்று முதலில் முடிவாகிற வரியும் அதுவே. ஒன்றுக்குப் பத்தாக நடுகிறோம் என்ற வாக்குறுதி எண்ணிக்கையில் பெரிது. பத்துக் கன்றுகளில் ஒன்று அந்தப் பொந்தை உண்டாக்க நூறு ஆண்டு ஆகலாம், இருவாச்சி அடுத்த ஜனவரியில் வருகிறது. வேரோடு பெயர்த்து நடுவதாகச் சொல்வார்கள். டில்லி இதற்கென 2020இல் ஒரு கொள்கையே வகுத்து, பெயர்த்து நட்டவற்றில் 80 விழுக்காடு பிழைக்க வேண்டும் என்றது. 2022இல் அந்த அரசே உயர் நீதிமன்றத்தில் தந்த கணக்கின்படி பிழைத்தது மூன்றில் ஒரு பங்கு. நகரத்துச் சாலையோர வேம்புக்கே இந்தக் கதி என்றால் மழைக்காட்டு மரத்தைப் பற்றிப் பேச வேண்டியதில்லை.

காம்பஸ் வைத்து வட்டம் போடும் பழக்கம் ஒன்றும் உண்டு. திட்ட இடத்தைச் சுற்றி 10 கிலோமீட்டர் ஆரத்தில் ஆய்வு என்பார்கள். ஆறு வட்டமாக ஓடுவதில்லை. யானையும் வட்டமாக நடப்பதில்லை. 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில், பாதுகாக்கப்பட்ட காட்டிலிருந்து 10 கிலோமீட்டருக்குள் வரும் திட்டம் மத்திய அரசின் ஆய்வுக்குப் போக வேண்டும் என்றிருந்தது. 2014இல் அந்தப் பத்து ஐந்தாயிற்று. காட்டில் ஒரு மரமும் நகரவில்லை, விதிப்புத்தகத்தில் எல்லை மட்டும் நகர்ந்தது. தேனி மாவட்டம் பொட்டிபுரத்து நியூட்ரினோ ஆய்வுக்கூடம், மதிகெட்டான் சோலை தேசியப் பூங்காவிலிருந்து 4.9 கிலோமீட்டரில் திட்டமிடப்பட்டதால் அந்தப் புதிய வட்டத்துக்குள்ளும் மாட்டிக்கொண்டது. அதற்கு முன் அதே ஆய்வுக்கூடம் நீலகிரியில் சிங்காராவுக்குத் திட்டமிடப்பட்டு, முதுமலைப் புலிகள் காப்பகத்தையும் யானை வழித்தடத்தையும் காரணம் காட்டி 2009இல் மறுக்கப்பட்டிருந்தது. பொட்டிபுரத்துக்கு அறிக்கை தயாரித்தது பறவையியல் மையம் ஒன்று. அதற்கு உரிய அங்கீகாரச் சான்று இல்லை என்று 2017இல் பசுமைத் தீர்ப்பாயம் அனுமதியை நிறுத்திவைத்தது. சட்டப்படி சரி. ஆனாலும் பறவை தெரிந்தவர்களிடம் சான்றிதழ் இல்லாமலும், சான்றிதழ் வைத்திருக்கும் பல ஆலோசனை நிறுவனங்களில் பறவை தெரிந்தவர் இல்லாமலும் இருப்பது நம் ஏற்பாட்டின் ஒரு வேடிக்கை. ரத்னகிரி மாவட்டத்து பாக்சைட் சுரங்கம் ஒன்றின் அறிக்கை, ரஷ்யச் சுரங்கம் ஒன்றின் அறிக்கையைப் பார்த்து எழுதப்பட்டிருந்தது அம்பலமான கதை தெரிந்ததே. கொங்கணக் கடற்கரையில் பனிநாட்டு ஸ்ப்ரூஸ் காடு முளைத்திருந்தது.

இத்தனையும் கேட்டுவிட்டு, நான்கு பருவமும் பார்த்துவிட்டுத்தான் கட்ட வேண்டுமென்றால் நாட்டில் எதுவுமே எழும்பாது என்பார்கள். தாமதத்துக்கு விலை உண்டு என்பது உண்மை. கடனுக்கு வட்டி ஏறும், மின்சாரம் இல்லாத வீடு இருட்டிலேயே கிடக்கும். ஆனால் தாமதம் எங்கிருந்து வருகிறது என்று அதிரப்பள்ளியே சொல்கிறது. 1996இல் ஒரு மதிப்பீடு, 2002இல் இன்னொன்று. 1998, 2005, 2007 என மூன்று முறை மத்திய அரசு அனுமதி தந்தது. முதல் அனுமதியை 2001லும் இரண்டாவதை 2006லும் கேரள உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. மக்களிடம் முறையாகக் கருத்துக் கேட்கவில்லை, புதிய அறிக்கையை அவர்கள் முன் வைக்கவே இல்லை என்பவை காரணங்கள். ஓராண்டு மிச்சம் பிடிக்கப் போய் கால் நூற்றாண்டு போயிற்று. ஊதாத் தவளைக்கு அறிவியல் பெயர் சூட்டும் முன்பே எழுதி முடிந்த அறிக்கைகள் அவை என்பதையும் நினைத்துக்கொள்ளலாம்.

வேறொரு ஆட்சேபம் இதைவிடக் கூர்மையானது. விலங்குகள் பழகிக்கொள்ளும் என்பது. வால்பாறையில் புதுத்தோட்டம் என்ற இடத்தில் நூறு ஹெக்டேருக்கும் குறைவான காட்டுத் துண்டில், தேயிலைக்கு நடுவே, நூற்றுக்கும் மேற்பட்ட சோலைமந்திகள் வாழ்கின்றன. ஒரு கூட்டத்துக்கு 5 சதுர கிலோமீட்டர் வேண்டும் என்ற கணக்கு அங்கே பொய்த்துப்போனது போலத்தான் தெரிகிறது. உண்மையை மறுப்பதற்கில்லை, இந்தக் குரங்கை நாம் நினைத்ததைவிடக் கெட்டிக்காரப் பிராணியாக அது காட்டியிருக்கிறது. ஆனால் அங்கே அவை வாழும் விதத்தையும் பார்க்க வேண்டும். தரையில் இறங்குகின்றன, சாலையைக் கடக்கின்றன, வண்டியில் அடிபடுகின்றன, வீட்டுக் கூரையிலும் குப்பைத் தொட்டியிலும் தின்கின்றன. சாலைக்கு மேலே பாலம்போல் குறுக்கே நாடா கட்டிவிடவும், வாகனத்தை மெதுவாகப் போகச் சொல்ல ஆள் நிறுத்தவும் வேண்டியிருக்கிறது. பக்கத்துக் காட்டுக்குப் போக வழியில்லாததாலேயே ஒரே இடத்தில் அத்தனை அடர்த்தி. முகாமில் நெருக்கியடித்து உயிரோடு இருக்கும் அகதியைக் காட்டி, ஊர் போனதால் ஒன்றும் கெடவில்லையே என்று யாரும் சொல்வதில்லை. துண்டாடியதன் விளைவு ஐம்பது ஆண்டு கழித்து எப்படியிருக்கும் என்று அறிய விரும்பும் மதிப்பீட்டாளருக்குப் புதுத்தோட்டம் நல்ல பாடம். பயப்பட ஏதுமில்லை என்பதற்கு அது சாட்சி ஆகாது.

மிகக் கடினமான ஆட்சேபம், அடுத்தவன் காட்டைக் காப்பாற்றச் சொல்வது எளிது என்பது. தமிழ்நாட்டில் உட்கார்ந்து இதைச் சொல்பவருக்கு அது இன்னும் பொருந்தும். சாலக்குடி ஆற்றின் தலைநீர்களான பரம்பிக்குளத்தையும் சோலையாற்றையும் அணை கட்டி, சுரங்கம் வெட்டி, பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டத்தின் வழியே கிழக்கே திருப்பிக்கொண்டவர்கள் நாம். பொள்ளாச்சித் தென்னைக்கும் உடுமலைப்பேட்டை வயலுக்கும் பாய்கிற தண்ணீர் அது. கீழே பெரிங்கல்குத்தில் 1957லேயே கேரளமும் ஓர் அணை கட்டியது. ஆகவே அதிரப்பள்ளியை இந்த ஆற்றின் முதல் காயம் என்று யாரும் சொல்ல முடியாது. அதனால்தான் தனியாக அந்த ஓர் அணையின் 138 ஹெக்டேரை மட்டும் எடைபோடுவது தவறாகிறது என்கிறேன். ஆற்றின் மேல்பகுதி முழுவதும் ஏற்கெனவே நீர்த்தேக்கமாகிவிட்ட பின், ஓடிக்கொண்டே மிஞ்சியிருக்கும் துண்டின் மதிப்பு கூடத்தான் செய்யும். கேரள மின் வாரியம் போட்ட நீர்க்கணக்கும்கூட மேலே நாம் எவ்வளவு விடுகிறோம் என்பதைப் பொறுத்தது. 2011இல் மேற்குத் தொடர்ச்சி மலையை ஆராய்ந்த மாதவ் காட்கில் குழு அதிரப்பள்ளித் திட்டத்துக்கு அனுமதி வேண்டாம் என்றபோது பல்லுயிரோடு சேர்த்து ஆற்றுநீரின் போதாமையையும் காட்டியது. அணைகள் ஒவ்வொன்றாக எழும்போது ஒவ்வொரு முறையும் இடம் பெயர்ந்தவர்கள் அங்கே வாழும் பழங்குடிகளான காடர்கள். அவர்களில் ஒரு பகுதியினர் தமிழ்நாட்டு ஆனைமலையிலும் இருக்கிறார்கள். பெயர்ந்த கணக்கு எந்த ஒரு திட்டத்தின் அறிக்கையிலும் முழுசாக வராது. ஒவ்வொன்றும் தன்னால் பெயர்ந்தவர்களை மட்டுமே எண்ணும்.

2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் கீழ், வாழச்சாலின் ஒன்பது பழங்குடிக் குடியிருப்புகளுக்கு 2014இல் சமூக வன உரிமை கிடைத்தது. ஏறத்தாழ 400 சதுர கிலோமீட்டர். அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பிருந்தே காடர்களில் சிலர் வனத்துறையோடு சேர்ந்து இருவாச்சிக் கூடுகளைக் கண்காணித்து வருகிறார்கள். ஒரு காலத்தில் குஞ்சு எடுக்க ஏறிய அதே மரங்களை இப்போது கீழே நின்று பார்க்கிறார்கள். எந்த மரத்தில் பொந்து, பெண்பறவை எப்போது உள்ளே போனது, ஆண்பறவை என்ன பழம் கொண்டுவந்தது, அடைப்பை உடைத்துக்கொண்டு குஞ்சு எப்போது வெளியே வந்தது என்று பருவந்தோறும் குறிக்கிறார்கள். போன ஆண்டு நிறைந்திருந்த பொந்து இந்த ஆண்டு காலியென்றால் அதுவும் அந்தக் குறிப்பில் ஏறுகிறது. மழை தொடங்கும்போது அவர்கள் காட்டிலேயே இருக்கிறார்கள்.